மாற்றலாகாதவற்றை மாற்றலாமா? – வகைசார் செய்நிரல் மொழியில் ஒரு வாக்குறுதியின் கதி

'வாசிப்பதற்கு மட்டும்' எனக் குறிக்கப்பட்ட ஒரு பண்பினை எழுதத்தக்கதாக மாற்றுவது எப்படி? ரைப்ஸ்கிரிப்ற் என்னும் செய்நிரல் மொழியைப் பயிலத் தொடங்கியோர் சில கிழமைகளுக்குள்ளேயே எழுப்பும் வினா இது. விடையும் அவர்களுக்கு உடனே கிடைத்துவிடுகின்றது. ஒரே வரியில் அமைந்த ஒரு வகை வரையறை. அதனுள் 'ரீட்ஒன்லி' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தற்குறி. அவ்வரியை எடுத்து ஒட்டியதும் தொகுப்பான் இட்ட சிவப்புக்கோடு மறைந்துவிடுகின்றது. வினவியவருக்கு மகிழ்ச்சி, விடை பகர்ந்தவருக்குப் பாராட்டு. ஆனால், அப்பண்பு மாற்றலாகாதது என முதலில் எழுதியவர் யார், அவர் யாருக்கு அவ்வாறு வாக்களித்தார், அவ்வாக்கினை நம்பி வேறு யார் யார் செய்நிரல் எழுதியுள்ளனர் என்பவற்றை அங்கு எவரும் கேட்பதில்லை. வினாவே பிழையாக எழுப்பப்படுகின்றது. பிழையான வினாவுக்குச் சரியான விடை கொடுப்பது உதவியாகாது.

இஃது விஞ்ஞான பீடத்தாருக்கும் பொறியியற் பீடத்தாருக்கும் உரிய பொருளன்றோ, கலைப்பீடத்திலிருந்து இதனைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது எனச் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். மின்சுற்றுகளைப் பற்றிய விடயமாயின் அவ்வினா பொருத்தமானதே. இங்கு பேசப்படுவதோ ஒரு சொல். அச்சொல்லை ஒருவர் எழுதுகின்றார். இன்னொருவர் வாசித்து நம்புகின்றார். மூன்றாமவர் அதனை இரகசியமாக அழிக்கின்றார். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும் உரிமை மொழி கற்போரிடமிருந்து எப்போது பறிக்கப்பட்டது?

வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1995ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ற் மொழியை ஏறத்தாழப் பத்தே நாள்களில் உருவாக்கினார். அம்மொழியில் எந்தப் பொருளின் எந்தப் பண்பையும் எவரும் எப்போதும் மாற்றலாம். சிறு பக்கங்களுக்கு அது வசதியாக இருந்தது. பின்னர் பல்லாயிரம் வரிகள் கொண்ட செய்நிரல்கள் அதில் எழுதப்பட்டபோது அவ்வசதியே துன்பமாயிற்று. 2009ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்புத் தரவரையறை, ஒரு பொருளை 'உறையச் செய்யும்' வழியைக் கொணர்ந்தது. 2012ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனம், அண்டர்ஸ் ஹெயில்ஸ்பேர்க் முதலானோரின் உழைப்பில், ஜாவாஸ்கிரிப்ற்றின்மேல் வகைகளைச் சேர்த்து ரைப்ஸ்கிரிப்ற்றை வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பில், 2016இல், 'ரீட்ஒன்லி' என்ற அடைமொழி பண்புகளுக்குக் கிடைத்தது. அவ்வடைமொழியைக் கழிக்கும் குறி 2.8ஆம் பதிப்பில், 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. எல்லாப் பண்புகளையும் வாசிப்பதற்கு மட்டும் உரியனவாக்கும் வகை, மொழியின் தர நூலகத்திலேயே பெயரோடு இடம்பெற்றுள்ளது. விருப்பத்துக்குரிய பண்புகளைக் கட்டாயமானவையாக்கும் வகையும் 2.8ஆம் பதிப்போடு அங்கு இடம்பெற்றது. ஆனால், வாசிப்பதற்கு மட்டுமென்ற அடைமொழியைக் களையும் வகை அங்கே வைக்கப்படவில்லை. கருவி கொடுக்கப்பட்டது, அதற்குப் பெயர் சூட்டி முன்வாயிலில் வைக்கப்படவில்லை. வேண்டுவோர் தாமே எழுதிக்கொள்ளட்டும் என விடப்பட்டது. நோக்கம் யாதாயினும் பயன் ஒன்றே. அதனை எழுதுபவர் தாம் எதனை எழுதுகின்றார் என்பதை ஒரு கணமேனும் நோக்க வேண்டியிருந்தது. இன்று ஒட்டுவதற்கு ஆயத்தமாக அவ்வரி எங்கும் கிடைப்பதால் அந்த ஒரு கணமும் இல்லாமற் போய்விட்டது.

இப்பழக்கத்தை ஆதரிப்போர் முதலில் எடுத்துக்காட்டும் வாதம், 'ரீட்ஒன்லி' வெறும் தோற்றமே என்பதாகும். தொகுக்கும் வேளையில் மட்டுமே அது உண்டு. செய்நிரல் ஓடும் வேளையில் அதன் சுவடே இல்லை. ஆகவே இல்லாத ஒன்றை நீக்குவதில் என்ன தீங்கு என்பர். இவ்வாதத்தின் முற்பகுதி முழுவதும் உண்மை. பிற்பகுதி முழுவதும் பிழை. தொகுப்பானைக் கடந்தபின் வகைகள் யாவும் அழிக்கப்படுகின்றன. எண் என்பதும் சரம் என்பதுங்கூட அவ்வாறே அழிகின்றன. ஆதலால் எண்ணுக்குப் பதிலாகச் சரத்தை அனுப்பலாம் என்று அவர்களுள் எவரும் கூறுவதில்லை. வகை என்பது இயந்திரத்துக்காக எழுதப்படுவதன்று. அடுத்து அச்செய்நிரலை வாசிக்கும் மனிதருக்காக எழுதப்படுவது. இயந்திரம் மறப்பதனால் மனிதருக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடாது.

தீங்கு எதுவெனக் கேட்போருக்கு ஓர் எடுத்துக்காட்டு. பரீட்சைப் புள்ளிகளைக் கையாளும் ஒரு செய்நிரலைக் கற்பனை செய்வோம். ஒரு மாணவரின் பெறுபேற்றுப் பொருளில் மூன்று பாடங்களின் புள்ளிகள் உள்ளன. மூன்றும் வாசிப்பதற்கு மட்டும். பட்டியலை அச்சிடும் சார்பினை எழுதுபவர், தசமங்கள் பட்டியலின் அழகைக் கெடுக்கின்றன என்று கருதிப் புள்ளிகளை முழு எண்களாக்க விரும்புகின்றார். தொகுப்பான் தடுக்கின்றது. அவர் கழித்தற்குறி வரியை ஒட்டி, அதே பொருளிலேயே புள்ளிகளை மாற்றிவிடுகின்றார். பட்டியல் அழகாக வருகின்றது. இனி, சராசரி 55 ஆயின் ஒரு வகுப்பு, அதற்குக் கீழாயின் இன்னொரு வகுப்பு எனக் கொள்வோம். மூன்று பாடங்களிலும் 54.5 பெற்ற மாணவரின் சராசரி 54.5. பட்டியல் முதலில் அச்சிடப்பட்டிருப்பின் அவர் புள்ளிகள் 55, 55, 55 ஆகிவிட்டன. அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். 55.4, 55.4, 54.3 பெற்றவரின் சராசரியோ 55க்குச் சற்றே மேல். பட்டியல் அச்சிடப்பட்டபின் அவர் புள்ளிகள் 55, 55, 54, சராசரி 54.67, அவர் கீழே விழுந்துவிட்டார். சராசரியைக் கணிக்கும் சார்பில் ஒரு பிழையும் இல்லை. அதனை எழுதியவர் நூறு முறை வாசித்தாலும் பிழையைக் காணமாட்டார். ஏனெனில் பிழை அங்கில்லை. அச்சிடும் வேலை கணிக்கும் வேலைக்கு முன் நடந்ததா பின் நடந்ததா என்பதிலேயே உள்ளது. இரண்டையும் தனித்தனியே சோதித்தால் இரண்டும் சரி. ஒரு மாணவரின் வகுப்பு, அச்சுப்பொறி எப்போது இயங்கியது என்பதைப் பொறுத்து அமைகின்றது!

இதற்கு மாற்று வழி கடினமானதா? இல்லை. பொருளைப் பிரதி செய்து, பிரதியில் முழு எண்ணாக்கி, பிரதியை அச்சிட்டால் போதும். ஒரு வரியே கூடுதல். கழித்தற்குறி வரியும் ஒரு வரிதான் என்பதை மறக்கலாகாது.

ஓடும் வேளையில் ஒன்றுமே இல்லை என்போர் இன்னொன்றையும் கவனிப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ற்றின் உறையச் செய்யும் சார்பு தரும் பொருளுக்கு ரைப்ஸ்கிரிப்ற் கொடுக்கும் வகை, பண்புகள் யாவும் வாசிப்பதற்கு மட்டுமான வகையாகும். அங்கே அடைமொழியின் பின்னால் உண்மையான பூட்டும் உண்டு. கழித்தற்குறியால் அடைமொழியைக் களைந்தவர் தொகுப்பானை ஏமாற்றலாம். உறைந்த பொருளை ஏமாற்ற இயலாது. கண்டிப்பான முறையில் ஓடும் செய்நிரல் அவ்விடத்திலேயே வழுவைக் கிளப்பி நின்றுவிடும். கண்டிப்பற்ற பழைய முறையிலோ எழுதிய பெறுமானம் ஓசையின்றிக் கைவிடப்படும். இவ்விரண்டிலும் எது கொடிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தொகுப்பான் காட்டிய சிவப்புக்கோடு இவ்விரண்டிலிருந்தும் காப்பதற்காகவே இடப்பட்டது. அதைத் தடையென்று நினைத்தவர் அதனை அழித்துவிட்டார்.

இரண்டாம் வாதம் சற்று வலுவானது. மொழியே இக்கதவைத் திறந்து வைத்திருக்கின்றதே என்பர். அதுவும் உண்மையே. வாசிப்பதற்கு மட்டுமான பண்புடைய பொருளை, எழுதத்தக்க பண்பு கேட்கும் சார்புக்கு நேரே கொடுத்தால் ரைப்ஸ்கிரிப்ற் மறுப்பதில்லை. கழித்தற்குறியும் வேண்டாம், வகை உறுதிமொழியும் வேண்டாம். வேறொரு பெயரிட்டால் போதும், பூட்டு கழன்றுவிடும். அணிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. வாசிப்பதற்கு மட்டுமான அணியின் வகையில் சேர்த்தல், நீக்கல் முதலிய செயல்கள் இல்லாமையால், எழுதத்தக்க அணி கேட்குமிடத்தில் அதனைக் கொடுத்தால் தொகுப்பான் மறுக்கும். ஒரே மொழியில் அணிக்கு ஒரு நீதி, பண்புக்கு ஒரு நீதி! இக்குறைக்குக் காரணம் அறியாமையன்று. அடைமொழி 2016இல் வருமுன் எழுதப்பட்ட எண்ணற்ற வகை வரையறைக் கோப்புகளில், வாசிக்க மட்டும் செய்யும் சார்புகளுங்கூட அடைமொழியின்றியே எழுதப்பட்டிருந்தன. கண்டிப்பான விதி வந்திருப்பின், அடைமொழியை எழுதிய எவராலும் அப்பழைய சார்புகளைப் பயன்படுத்த இயலாது போயிருக்கும். ஆகவே பழையவற்றோடு இணங்கிப் போவதற்காக விதி தளர்த்தப்பட்டது.

வேலியில் ஓர் இடைவெளி இருப்பது, வேலியை வெட்டுவதற்கான நியாயமாகுமா? மொழியை ஆக்கியோர் இணக்கத்துக்காகச் செய்த விட்டுக்கொடுப்பை, செய்நிரலாளர் தம் கொள்கையாக எடுத்துக்கொள்வது விந்தையே. எனினும் இவ்வாதத்தின் உள்ளே புதைந்துள்ள ஓர் உண்மையை எடுத்துக் காட்டாமல் விடுவது நேர்மையாகாது. கழித்தற்குறியைத் தேடி வருவோரில் ஒரு சாரார் எதையும் மாற்ற விரும்புவதேயில்லை. 2019இல் வந்த 3.4ஆம் பதிப்பு, ஒரு மாறிலிப் பொருளை அதன் அடியாழம்வரை வாசிப்பதற்கு மட்டுமானதாக வகைப்படுத்தும் உறுதிமொழியைத் தந்தது. அதனைப் பயன்படுத்தியவர் தம் அணியை ஏதோவொரு நூலகச் சார்புக்குக் கொடுக்க முனைகின்றார். அச்சார்பு அணியை வாசிக்க மட்டுமே போகின்றது. ஆனால் அதன் வரையறையோ எழுதத்தக்க அணி வேண்டுமெனக் கேட்கின்றது. தொகுப்பான் மறுக்கின்றது. பாவம், அவர் என்ன செய்வார்? தம்முடைய சரியான அடைமொழியைத் தாமே களைகின்றார்.

இங்கே குற்றவாளி களைந்தவரல்லர். வாசிக்க மட்டும் செய்கின்ற ஒரு சார்பு, எழுதும் உரிமையையும் சேர்த்துக் கேட்டதே குற்றம். நூல் நிலையத்தில் ஒரு நூலைப் புரட்டிப் பார்க்க வந்தவர் நிலையத்தின் திறப்பையே கேட்பதற்கு இஃது ஒப்பாகும். அச்சார்பினை எழுதியவர் ஏற்பின் வகையில் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், உலகெங்கும் அதனைப் பயன்படுத்துவோர் தத்தம் செய்நிரல்களில் பொய்யுரைக்க வேண்டிய தேவை எழுந்திருக்காது. ஆனால் தவறைத் திருத்தும்படி அவரிடம் கேட்போர் சிலர். தாமே பொய்யுரைத்துவிட்டு அப்பாற் செல்வோர் பலர். அப்பொய் ஒவ்வொரு செய்நிரலிலும் எஞ்சி நிற்கின்றது. நாளை அச்சார்பு உண்மையாகவே அணியை மாற்றத் தொடங்கினால், எச்சரிக்க எவரும் இல்லை.

வாக்கைக் கலைப்பது பற்றிய இவ்வழக்கு ரைப்ஸ்கிரிப்ற்றோடு தோன்றியதன்று. பழைய ஃபோர்ட்ரான் தொகுப்பான்கள் சிலவற்றில் நிகழ்ந்த வேடிக்கையொன்று செய்நிரலாளரிடையே இன்றும் வழங்குகின்றது. அம்மொழியில் துணைச்செய்நிரலுக்குப் பெறுமானம் அனுப்பப்படுவதில்லை. அது வைக்கப்பட்ட இடமே அனுப்பப்படும். நான்கு என்ற எண்ணை அனுப்பி, துணைச்செய்நிரல் தன் ஏற்பில் ஐந்தை எழுதினால், அதன்பின் செய்நிரலில் நான்கு வருமிடமெல்லாம் ஐந்தாக நின்றது! எண்ணே மாறிவிட்ட உலகில் யார் எதனைக் கணிப்பது? பின்வந்த மொழிகள் மாறிலிகளைக் காப்பதில் காட்டிய அக்கறையை இத்தகைய அனுபவங்களோடு சேர்த்தே புரிந்துகொள்ளல் வேண்டும். 1981ஆம் ஆண்டளவில் பியானே ஸ்ற்ரூஸ்ற்றப் சீ மொழிக்கு இத்தகைய அடைமொழியொன்றை முன்மொழிந்தபோது அதற்கு அவர் இட்ட பெயரும் 'ரீட்ஒன்லி' என்பதே. சீ மொழியின் தரக்குழு அதனை ஏற்று, 'கொன்ஸ்ற்' எனப் பெயர் மாற்றியது.

சீ பிளஸ் பிளஸ் மொழியிலும் அவ்வடைமொழியைக் களையும் வழி உண்டு. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. பொருள் தோன்றும்போதே மாறிலியாகத் தோன்றியிருப்பின், அடைமொழியைக் களைந்து அதனை மாற்றுவோருக்கு மொழி எவ்விதப் பொறுப்பும் ஏற்காது. செய்நிரல் எங்ஙனம் நடக்குமென்பது வரையறுக்கப்படவில்லை. பொருள் மாறத்தக்கதாகத் தோன்றி, வழியில் மட்டும் அடைமொழி பெற்றிருப்பின் களைந்து மாற்றலாம். யாருடைய பொருள், அது எவ்வாறு பிறந்தது என்ற வினாவை அம்மொழி கேட்கின்றது. ரைப்ஸ்கிரிப்ற்றின் கழித்தற்குறி அதனைக் கேட்பதில்லை. கேட்கும் கடமை அதனை எழுதுபவர்மீது விழுகின்றது. ஒட்டுவோரோ தம்மீது அத்தகைய கடமை உண்டென்பதையே அறியார்.

ஜாவா மொழியின் அனுபவம் இதைவிடப் பாடம் நிறைந்தது. அங்கே 'இறுதி' எனக் குறிக்கப்பட்ட புலத்தை ஒருமுறைக்கு மேல் எழுதலாகாது. எனினும் ஜாவாவின் ஐந்தாம் பதிப்புக் காலந்தொட்டு, சேமித்த பொருள்களை மீளக் கட்டும் நூலகங்களின் வசதிக்காக, ஆழ்நிலைப் பின்னோக்கு வழியாக இறுதிப் புலத்தையும் மாற்ற இடமளிக்கப்பட்டது. கேட்டோர் சிலரே, தேவையும் உண்மையானதே. விளைவு என்ன? எந்த இறுதிப் புலமும் எப்போதேனும் மாற்றப்படலாம் என்ற ஐயத்தினால், ஓடும் வேளையில் செய்நிரலைச் செம்மையாக்கும் தொகுப்பான் பெரும்பாலான இறுதிப் புலங்களை இறுதியென்று நம்ப இயலாது போயிற்று. வாக்கை மீறாத கோடானுகோடி வரிகள், மீறிய ஒரு சிலருக்காக வேகத்தை இழந்தன. இறுதி என்பதனை இறுதியாகவே ஆக்குவதற்கு ஆயத்தமாதல் என்ற பொருள்படும் பெயரோடு, ஜாவாவைப் பேணுவோர் 2025ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை முன்வைக்க நேர்ந்தது. ஒரு சொல்லுக்கு அதன் பொருளை மீட்டுக்கொடுக்க இருபது ஆண்டுகள்!

இவ்வளவும் கூறியதனால், எதையுமே மாற்றலாகாது என்று சாதிப்போரின் பக்கம் இவ்வாதம் சேர்ந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். அவர்களும் ஒருவகைப் பக்தர்களே. எல்லாவற்றிலும் அந்த அடைமொழியை அள்ளித் தெளித்துவிட்டு, பொருளின் உள்ளே இன்னொரு பொருள் இருப்பின் அதன் பண்புகளை அடைமொழி காப்பதில்லை என்பதை மறந்து நிம்மதியாக உறங்குவோர் அவர்களுள் பலர். காப்பு மேலோட்டமானது என்பதை உணராமல் காப்பில் நம்பிக்கை வைப்பது, காப்பின்றி இருப்பதைவிட ஆபத்தானது. மேலும், ஒரு பொருள் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் அது மாறியே ஆகவேண்டும். பாதி எழுதிய கடிதத்தில் முத்திரை குத்துவார் இல்லை. பிறர் கைக்குச் சேருமுன் ஒருவர் தமது பொருளைத் தாமே திருத்துவதில் எவருடைய வாக்கும் முறிவதில்லை. கழித்தற்குறி உண்மையாகவே பயன்படுமிடம் இதுவேயாகும். இறுதி வடிவத்தின் வகையை ஒருமுறை எழுதிவிட்டு, அதன் வரைவுக்குரிய வகையை அதிலிருந்தே பெறலாம். இரண்டையும் தனித்தனியே எழுதி, காலப்போக்கில் ஒன்றோடொன்று முரண்பட விடவேண்டியதில்லை.

இம்மர் என்னும் நூலகம் இதனை எவ்வளவு நேர்த்தியாகச் செய்துள்ளது என்பதைக் குறைகூறுவோரும் கூறப்படுவோரும் ஒருங்கே நோக்கலாம். மாற்றலாகாத ஒரு நிலைப்பொருளை அதற்குக் கொடுத்தால், அது செய்நிரலாளரின் கையில் ஒரு வரைவினைத் தருகின்றது. அவ்வரைவின் வகை, அதே கழித்தற்குறியால் அடைமொழி களையப்பட்ட வகையே. உள்ளே உள்ள பொருள்களுக்கும் அவ்வாறே. வரைவில் விரும்பியதை விரும்பியவாறு எழுதலாம். எழுதி முடிந்ததும் மாற்றங்கள் ஒரு புதிய பொருளில் இடப்பட்டு உறையவைக்கப்படுகின்றன. பழைய பொருளில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. றியாக்ற் போன்ற திரைக்கட்டமைப்புகளில் இதன் அருமை நன்கு விளங்கும். முன்னைய நிலைப்பொருளும் புதியதும் ஒரே பொருளாயின், ஒன்றும் மாறவில்லையென முடிவுசெய்து றியாக்ற் திரையைப் புதுப்பிக்காது விட்டுவிடும். அடைமொழியைக் களைந்து பழைய பொருளிலேயே எழுதியவர், நினைவகத்தில் ஒரு பெறுமானமும் திரையில் இன்னொரு பெறுமானமுமாக நிற்பதைக் கண்டு கட்டமைப்பைத் திட்டுவார். ஒரே குறியே இம்மரிலும் உள்ளது, திட்டுபவரின் செய்நிரலிலும் உள்ளது. ஒன்று பிரதியின் வகையை மாற்றுகின்றது. மற்றது மூலத்தின் வகையை மாற்றுகின்றது.

ஆகவே கழித்தற்குறியைக் கேட்டு வருபவருக்கு விடை பகர்வோர் முதலில் மறுவினா ஒன்றைக் கேட்கக் கற்றுக்கொள்ளல் வேண்டும்: மாற்றப்போவது உம்முடைய பிரதியையா, பிறருடைய மூலத்தையா? பிரதியெனின் அவ்வரியைத் தாராளமாகக் கொடுக்கலாம். மூலமெனின் பிரதி செய்யும் வழியைக் காட்டலாம். எதையும் மாற்றப்போவதில்லை, சார்புதான் ஏற்க மறுக்கின்றது என அவர் கூறின், அச்சார்பின் வரையறையைத் திருத்த அனுப்பலாம்.

2024ஆம் ஆண்டில் ஹெயில்ஸ்பேர்க் அவர்களே, பண்புகளின் அடைமொழியைத் தொகுப்பான் கண்டிப்பாகப் பேணும் ஒரு தெரிவினை வரைந்து முன்வைத்தார். அவ்வாண்டில் வெளிவந்த பதிப்புகள் எதிலும் அது இடம்பெறவில்லை. 2016இல் தடையாக நின்ற அதே கோப்புகள், அதன்பின் எட்டு ஆண்டுகள் எழுதிச் சேர்த்தவற்றோடு, அப்போதும் குறுக்கே நின்றன. வாசிக்க மட்டும் செய்யும் சார்புகளுள் எத்தனை எழுதும் உரிமையைக் கேட்டு நிற்கின்றன என்பதை ஒவ்வொரு நூலகத்தாரும் தத்தம் கோப்புகளைத் திறந்து எண்ணிப் பார்க்கட்டும்.